வேலை மாறிய கட்டடங்கள்: கண்டி முதல் அப்புத்தளை வரை

செவ்வாய், கண்டி

திங்கட்கிழமை கண்டியில் இறங்கினால் பாதி நாள் வீண். நூதனசாலைகளில் பல அன்று பூட்டியிருக்கும். அதனால்தான் இந்தப் பயணம் செவ்வாயில் தொடங்கி ஞாயிறன்று அப்புத்தளையில் முடிகிறது. அப்புத்தளையில் பார்க்கவேண்டிய வீடு வழக்கமாக வார இறுதியிலும் போயா (பௌர்ணமி) நாளிலும்தான் வெளியாட்களுக்குத் திறக்கும். கண்டியில் நிற்கும் நாள் போயாவாக வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது.

ஒரு வேலைக்கென்று கட்டிய கட்டடத்தை வேறு வேலைக்கு விடும்போது மூன்று இடத்தில் அது காட்டிக்கொடுக்கும்: தரை, யன்னல், தண்ணீர் ஓடும் வழி. முகப்பை மட்டும் பார்த்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த மூன்றும் தெரிவதில்லை. இந்தப் பயணம் முழுக்க அவற்றைத்தான் பார்க்கப்போகிறோம்.

தலதா மாளிகைக்கு முன்னால், கண்டி வாவிக்குள் கால் வைத்தாற்போல் நிற்கும் வெள்ளைக் கட்டடத்திலிருந்து தொடங்கலாம். உல்பென்கே என்பார்கள். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், நம்மவர்கள் கண்ணுசாமி என்று சொல்லும் நாயக்க வம்சத்தவர், அரசிமார் குளிப்பதற்கென்று கட்டுவித்தது. வாவியும் அவர் வெட்டியதுதான், 1812இல் முடிந்தது. மூன்று ஆண்டில் ராஜ்யம் போயிற்று. ஆங்கிலேயர் வந்து மேல்மாடி ஏற்றி, அதிகாரிகளுக்கான நூலகம் வைத்தார்கள். பின்னாளில் பொலிஸ் கைக்குப் போனது. குளியலறை, நூலகம், பொலிஸ் என்று மூன்று வேலை ஒரே சுவருக்கு.

தண்ணீருக்கு மேல் புத்தகம் வைக்கலாம் என்பது யாருக்குத் தோன்றிய புத்தியோ தெரியாது. காற்றின் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றாலே காகிதத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கண்டியில் மழைக்காலத்தில் அது சாதாரணம். அப்படியும் நூலகம் ஓடியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் மேல்மாடியின் இடம். மூன்று பக்கம் வாவி, தடுக்க எதுவுமில்லை, யன்னல்களைத் திறந்துவிட்டால் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும். இப்படிப்பட்ட அறையைப் பிற்காலத்தில் அலுவலகமாக்கும்போது வழக்கமாக நடக்கும் தப்பு, பலகைத் தட்டி போட்டு அறைகளாகப் பிரிப்பது. குறுக்குக் காற்று அன்றோடு நின்றுவிடும். ஆறு மாதத்தில் கோப்பு அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுக்கும்.

கீழ்ப்பகுதிக்கு வேறு வியாதி. வாவிக்கரைச் சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பொதுவாக ஒரு மீட்டர் உயரம்வரை ஏறி அங்கே காய்ந்துவிடும். காயும் இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பழைய சுண்ணாம்புச் சாந்தில் இது பெரிய சேதமில்லை. சாந்து மூச்சுவிடும், உதிரும், பத்து இருபது ஆண்டுக்கொருமுறை மறுபடி பூசுவார்கள். உதிர்வதைப் பார்த்துப் பயந்து சீமெந்து பூசியவுடன்தான் தொல்லை ஆரம்பம். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். ஒரு மீட்டரில் நின்றது யன்னல் அடிக்கட்டையைத் தொடும், அங்கே மரம் உளுக்கும். கண்டியிலும் கம்பளையிலும் பழைய கடைத்தெருச் சுவர்களை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் சீமெந்துப் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்து நிற்கிறது என்று அர்த்தம்.

சரிசெய்யும் முறை பொறுமைக்காரருக்கு மட்டும். ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடிவரை சீமெந்தைக் கொத்தி எடுக்கவேண்டும். பிறகு சுவரைச் சும்மா காயவிட வேண்டும். கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கணக்கு. இரண்டடிச் சுவருக்கு இரண்டு வருடம். எந்தக் கந்தோர் இரண்டு வருடம் காத்திருக்கும்? அதனால்தான் திறப்புவிழாவுக்கு முந்திய வாரம் பூசி, அடுத்த மழைக்கு உதிர்கிறது. காய்ந்தபின் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, அரை அங்குலத்துக்கு மிஞ்சாத கனத்தில் இரண்டு மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நனைத்த சாக்குத் தொங்கவிட்டு ஈரம் காக்கவேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் செய்த வேலையெல்லாம் வீண். வெள்ளையடிப்புச் சுண்ணாம்பு, நீர்க்க நீர்க்க நாலைந்து முறை.

அரண்மனை வளாகம் இதைவிட நல்ல கதை. மன்னர் இருந்த மாளிகையில் 1815க்குப் பிறகு ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலியும் அவருக்குப் பின் வந்த அரசாங்க அதிபர்களும் குடியிருந்தார்கள். இன்று தொல்பொருள் நூதனசாலை. அரசிமார் இருந்த பள்ளே வாசல இன்று தேசிய நூதனசாலையின் கண்டிக் கிளை. முற்றத்தைச் சுற்றி அறைகள் என்ற அமைப்பு நூதனசாலைக்கு அப்படியே பொருந்துகிறது: வந்தவர் ஒரு பக்கம் நுழைந்து சுற்றி மறுபக்கம் வெளியேறலாம், சுவர் இடிக்கத் தேவையில்லை. மரத்தூண் மண்டபமான மகுல் மடுவ 1783இல் ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் தொடங்கியது. ராஜ்யத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2ஆம் திகதி அங்கேதான் கைச்சாத்தானது. பிறகு ஆங்கிலேயர் அதிலேயே நீதிமன்றம் நடத்தினார்கள். சுவரில்லாத மண்டபத்துக்கு எந்த வேலையும் பொருந்தும். எதையும் வெட்டவேண்டியதில்லை, கூரை ஒழுகாமல் பார்த்தால் போதும்.

நேர் எதிர் உதாரணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. போகம்பறைச் சிறைச்சாலை, 1876. 2014இல் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றி மூடினார்கள். அதன்பின் சுற்றுலா மையம், கலாசார மையம் என்று பேச்சு வந்துகொண்டே இருந்தது. 2020இல் கொரோனா வந்தபோது தனிமைப்படுத்தலுக்காக மீண்டும் கைதிகளையே கொண்டுவந்து வைத்தார்கள். வியப்பில்லை. கொட்டடிக்குக் கனத்த சுவர், உயரத்தில் சின்ன யன்னல், வெளிச்சம் நடைபாதையிலிருந்து மட்டும். இரண்டு கொட்டடியை ஒன்றாக்க நடுச்சுவரை எடுத்தால் மேல்மாடி உட்காரும். அந்தச் சுவர்தான் தாங்குசுவர். மாற்றவே முடியாது என்பதல்ல. ஆனால் மாற்றும் செலவில் புதிதாக ஒன்று கட்டலாம் என்று கணக்காளர் சொல்லும் கட்டடம் அது. நகர நடுவில் நிலத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் யாரும் அவசரமாகக் கையெழுத்திடமாட்டார்கள்.

கண்டி நகரம் 1988இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அறிவித்த கட்டடத்தில் ஆணி அடிக்கவும் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்கவேண்டும். பழைய கடை வாங்கி விடுதி நடத்தலாம் என்று யோசிப்பவர்கள் அச்சாரம் கொடுக்கும் முன்பு இதை விசாரியுங்கள், பின்பு அல்ல.

புதன், ஹந்தானை

கண்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். நடக்கலாம், ஆனால் மூச்சுவாங்கும். ஆட்டோவில் மேலே போய் நடந்து இறங்குவது புத்திசாலித்தனம். 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, பத்தாண்டுக்கு மேல் கைவிட்டுக் கிடந்து, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தது.

ஸ்டோர் ஒன்றை உள்ளே போய்ப் படிக்கத் தெரிந்துகொண்டால் மலையகத்தில் பாதிக் கட்டடங்களைப் படிக்கலாம். ஏன் நான்கு மாடி? ஏன் வரிசைக்கு யன்னல்? கொழுந்து வாட்டத்தான். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். உருட்டும் முன் அதை 55க்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணிநேரம் பிடிக்கும். அந்தக் காலத்தில் மேல்மாடிகள் முழுக்கச் சாக்குத் துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. அதில் கொழுந்தை மெல்லியதாகத் தூவுவார்கள். வெளிக்காற்று நல்லாயிருந்தால் யன்னலைத் திறப்பது, மழையென்றால் மூடிவிட்டுக் கீழே டிரையர் பக்கத்துச் சூட்டை விசிறி வைத்து மேலே அனுப்புவது.

வாடிய கொழுந்து தரையில் வெட்டிய துவாரம் வழியே நேராக ரோலருக்கு, அதாவது கொழுந்தை உருட்டும் மெசினுக்கு, விழும். பழைய ஸ்டோர் தரையில் நாலு மூலைச் சதுரமாக வேறு நிறப் பலகை அடித்த ஒட்டு தெரிந்தால், அதுதான் அந்தத் துவாரம். நிலத்தளத்தில் ரோலர், அடுத்து நொதிக்கவைக்கும் இடம். தரை வழுவழுவென்று, கழுவிய நீர் ஓடச் சற்றே சாய்ந்திருக்கும். பிறகு 90 பாகைக்கு மேல் சூடான காற்றில் டிரையர், இருபது நிமிடத்தில் ஈரம் மூன்று வீதத்துக்கு இறங்கும். கடைசியில் சலித்துத் தரம் பிரித்தல், பெட்டி கட்டுதல். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோவுக்குக் குறையாத பச்சைக் கொழுந்து. தூண்களின் உயரத்தில் இரும்புத் தாங்கிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். ஒரே எஞ்சினிலிருந்து நீளமான தண்டு ஒன்று கட்டடம் முழுக்கச் சுழன்று, பெல்ட் வழியே எல்லா மெசினையும் ஓட்டிய காலத்து மிச்சம் அவை.

மேல்மாடிகளைக் காலிசெய்தது வாட்டுத் தொட்டி. அடியிலிருந்து விசிறி ஊத, வலைமேல் ஓரடி உயரத்துக்குக் கொழுந்தைக் கொட்டலாம். அத்தனை தட்டும் அத்தனை மாடியும் அதன்பின் தேவைப்படவில்லை. நிலத்தைத் தேசியமயமாக்கியதும், பின்னர் 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்ததும், நாலு தோட்டத்துக்கு ஒரு ஸ்டோர் போதும் என்ற கணக்கும் சேர்ந்து எத்தனையோ ஸ்டோர்களைப் பூட்டவைத்தன.

பூட்டிய ஸ்டோர் சாகும் விதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் கூரைப் பீலியில் சருகு அடைக்கும். தண்ணீர் சுவர்ப்பக்கம் வழியும். சுவருக்குள் செருகியிருக்கும் இரும்பு உத்திரத்தின் நுனி துருப்பிடிக்கும்; துரு ஊதிச் சுவரை வெடிக்கவைக்கும். இதற்கிடையில் தகரம் களவுபோகும். ஒரு தகரம் போன இடத்துக்குக் கீழே பலகைத் தரை இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. ஹந்தானை போன்றவை பிழைத்ததற்குக் காரணம், கூரை முழுதாகப் போகும் முன் அடுத்த வேலை வந்து சேர்ந்தது. பழைய கட்டடத்துக்குச் செலவழிக்க ஒரே ஒரு ரூபாதான் இருக்கிறது என்றால் பீலி துப்புரவாக்கச் செலவழியுங்கள். வர்ணம் பூசுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

நூதனசாலையாக்கியபோது பாரமான பழைய எஞ்சின்களையும் ரோலர்களையும் நிலத்தளத்தில் வைத்து, மேலே போகப்போக இலகுவான வேலைகளைக் கொடுத்திருக்கிறார்கள்: இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் பற்றிய காட்சி, கடைகள், உச்சியில் உணவகம். நல்ல தீர்மானம். வாட்டு மாடியின் பலகைத் தரை, மெல்லியதாகத் தூவிய கொழுந்தைத் தாங்கக் கட்டியது. ஆட்கள் உட்காரும் இடத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிலோ தாங்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. புத்தக அலுமாரிகள் நெருக்கமாக நின்றால் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். மேல்மாடியில் நடக்கும்போது பலகை அமுங்குகிறதா என்று காலால் உணர்ந்து பாருங்கள். நடுவில் அமுங்கினால் குறுக்குச் சட்டம் மெலிந்தது. சுவரோரம் அமுங்கினால் சட்டத்தின் நுனி உளுத்தது, அதுதான் ஆபத்தானது.

வியாழன், கம்பளை

பேராதனையைத் தாண்டிப் போகும் பஸ். 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில்தான் இயங்கியது. யுத்தம் முடிந்ததும் தோட்டம் தோட்டமாகிவிட்டது. தற்காலிகக் கொட்டகைகளுக்கு அந்த வசதி உண்டு.

கம்பளையிலிருந்து ஆட்டோ பிடித்து மலையேறினால் பீக்கொக் தோட்டத்தில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. 2007இல் திறந்தது. பாதை ஒடுக்கம், மழை நாளில் ஆட்டோக்காரர் முகம் சுளிப்பார். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் திறந்து காட்ட ஆள் இருப்பார்கள். தோட்டத்து மக்கள் புழங்கிய பொருட்கள், கருவிகள், ஆவணங்கள் எல்லாம் இருப்பது ஒரு பழைய லயத்தில். கட்டடமே முதல் காட்சிப்பொருள்.

லயம் என்பது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடு: ஒரே கூரை, ஒரே முகடு, அடியில் வரிசையாக அறைகள். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது பழைய அளவு. முன்னால் ஒரு ஒடுங்கிய இஸ்தோப்பு (திண்ணை). சில லயங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை; அவற்றில் பின்சுவரில் யன்னல் வைக்க வழியே கிடையாது. சமையல் அறைக்குள் அல்லது இஸ்தோப்பில். பிள்ளைகள் பெருகியபோது இஸ்தோப்பை அடைத்துக் குசினியாக்கினார்கள், பின்னால் தகரம் சாய்த்து ஓர் அறை இறக்கினார்கள். சாய்ப்பு இறக்கும்போது கூரைத் தண்ணீர் முன்பு விழுந்த கானுக்குப் போகாமல் அத்திவாரத்தருகே விழும். லயத்துச் சுவர் பின்பக்கம் இறங்கி வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பீலி ஒன்று கட்டி நாலடி தள்ளித் தண்ணீரை விட்டால் போதும். ஆனால் கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருப்பவருக்கு அல்ல. யார் பீலி கட்டுவது?

இடைச்சுவரின் உச்சியை நிமிர்ந்து பாருங்கள். பல லயங்களில் அது கூரைவரை போகாது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இடைவெளி. அடுத்த வீட்டுப் பேச்சு கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஓர் அறையில் மின்கம்பி பற்றினால் தீ அந்த இடைவெளி வழியே, புகைபிடித்துக் காய்ந்த கைமரங்களில் தாவி, வரிசை முழுக்க ஓடிவிடும். "லயத்தில் தீ, பத்துப் பதினைந்து வீடுகள் நாசம்" என்று செய்தியில் அடிக்கடி வருவது இதனால். ஒரு வீடு மட்டும் எரிந்தது என்று வருவது அபூர்வம். இடைச்சுவரைத் தகரம் தொடும்வரை செங்கல் வைத்து உயர்த்தி, மேல் இடுக்கைச் சாந்தால் அடைத்தால் தீ அடுத்த வீட்டுக்குப் போக நேரமெடுக்கும். ஆட்களையும் பத்திரங்களையும் வெளியே கொண்டுவர அந்த நேரம் போதும். பெரிய செலவுமில்லை.

கோப்பி ஸ்டோர் தேயிலை ஸ்டோரானது. தேயிலை ஸ்டோர் ஹோட்டலானது. துரை பங்களா விடுமுறை விடுதியானது. லயம் மட்டும் லயமாகவே இருக்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000, பிறகு 10,000 தனி வீடுகள், ஏழு பேர்ச் காணியோடு என்று வந்தது. 550 சதுர அடி வீடு. லயங்களில் இருக்கும் குடும்பங்களின் தொகைக்கு அது ஒரு தொடக்கம் மட்டுமே. நூதனசாலையாகிய இந்த ஒரு லயத்தில் கூரையும் சுவரும் பராமரிப்பில் இருக்கின்றன. அந்தக் கவனத்தில் பாதி, ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கிடைத்தால் தேவலை.

வெள்ளி, நுவரெலியா

கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழி பஸ். வளைவுக்குப் பழக்கமில்லாதவர்கள் வெறும் வயிற்றில் ஏறவேண்டாம், நிறைந்த வயிற்றிலும் வேண்டாம்.

கிரான்ட் ஹோட்டல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் கட்டிய ஓய்வு மாளிகையாகத் தொடங்கியது. ஹோட்டலானது 1891இல். ஒரு குடும்பத்து வீட்டை நூறு பேர் தங்கும் இடமாக்க ஒரே வழி சிறகு சிறகாக நீட்டுவது, அதைத்தான் செய்திருக்கிறார்கள். நீட்டிய கட்டடத்தில் ஒழுக்கு எப்போதும் பழைய கூரையும் புதிய கூரையும் சந்திக்கும் பள்ளத்தில். ஹோட்டல் நடத்துபவர்கள் வருடத்தில் இருமுறை அந்தப் பள்ளத்தைப் பார்க்க ஆள் ஏற்றினால் மேல்தட்டு மாற்றும் செலவு மிஞ்சும்.

நுவரெலியாவில் நிறைய வீடுகளில் கணப்பு அடுப்பை மூடிவிட்டார்கள். புகைபோக்கியையும் உச்சியில் சீமெந்துப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். மழை இறங்காது, உண்மை. ஆனால் உள்ளே நிற்கும் ஈரக்காற்றும் பழைய கரியும் சேர்ந்து அறைச் சுவரில் மஞ்சளாகக் கறை விடும், எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். உச்சியில் மூடிக்கு அடியில் காற்றுப் போகப் பக்கத் துவாரம், கீழே அடுப்பு வாயில் ஒரு சின்னச் சல்லடை. இரண்டும் இருந்தால் காற்றோட்டம் தானே நடக்கும்.

தபாலகத்துக்கு வருவோம். 1894, சிவப்புச் செங்கல், மணிக்கூட்டுக் கோபுரம். ஊருக்கு வருகிற எவரும் படமெடுக்காமல் போவதில்லை. இந்தப் பயணத்தில் பார்க்கும் பெரிய கட்டடங்களில் கட்டிய வேலையையே இன்னும் செய்வது இது ஒன்றுதான். ஹோட்டல் முதலீட்டுக்குக் கொடுக்கும் யோசனை வந்தபோது, 2023 நவம்பரில், இதையும் கண்டித் தபாலகத்தையும் விடமாட்டோம் என்று தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டடக்காரர் பார்வையிலும் அவர்கள் பக்கமே நியாயம். கருமபீடம், தரம்பிரிக்கும் அறை, மேலே அலுவலகம் என்று ஓடும் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் மிகக் குறைவு. ஹோட்டலாக்கினால் அறைக்கொரு குளியலறை. பழைய செங்கல் சுவருக்குள் அத்தனை குழாய் போனால் ஏதாவது ஒன்று கசியும். கசிவது வெளியே தெரியவரும்போது பலகைத் தரை போயிருக்கும்.

செங்கல் இடுக்குகளை நெருங்கிப் பாருங்கள், இந்தத் தபாலகத்தில் என்றில்லை, ஊரில் எந்தச் செங்கல் கட்டடத்திலும். சுண்ணாம்புச் சாந்து இடுக்கு சற்று உள்வாங்கி, தொட்டால் மணலாக வரும். சீமெந்து வைத்துத் திரும்ப அடைத்த இடுக்கு கல்லாக இருக்கும், ஆனால் அதைச் சுற்றிய செங்கலின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். சாந்து செங்கலைவிட மென்மையாக இருக்கவேண்டும் என்ற ஒரு விதியை மறந்ததன் விளைவு. நுவரெலியாக் குளிரில் சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், வேலையை மழைக்கு நடுவில் தொடங்கினால் கழுவுப்பட்டுப் போகும். பெப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் அதற்கு ஏற்றவை.

அங்கிருந்தே ஒரு தபாலட்டை அனுப்புங்கள். முத்திரை வாங்குவதும் கட்டடத்தைக் காப்பாற்றுகிற வேலைதான்.

சனி, கந்தப்பளை

ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர், பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. இரண்டாயிரம் மீட்டர் உயரம். மாலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. தங்க வசதிப்படாதவர்கள் பகலில் தேநீருக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கலாம், முதலில் கேட்டுக்கொண்டு.

புதன்கிழமை ஹந்தானையில் பார்த்ததை இங்கே ஒப்பிடவேண்டும். வாட்டு மாடிகள் அறைகளாகியிருக்கின்றன. யன்னல்கள் ஏற்கெனவே நெருக்கமான வரிசையில் இருப்பதால் அறை பிரிப்பது எளிது: ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூன்று யன்னல், முகப்பில் ஒன்றைக்கூட மாற்றவேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இப்போதும் ஸ்டோர்தான். பழைய எஞ்சினையும் விட்டுவைத்திருக்கிறார்கள். கஷ்டம் உள்ளே. ஒரு குளியலறை என்றால் சீமெந்துத் தரை, ஓடு, தொட்டி நிறையத் தண்ணீர். 500 லீற்றர் தண்ணீர் என்றால் 500 கிலோ. கொழுந்துக்குக் கட்டிய பலகைமேல் அதை வைக்க முடியாது. இப்படி மாற்றும் இடங்களில் குளியலறைகளை மாடிக்கு மாடி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இரும்புத் தூண் வரிசைக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். பாரமும் தூணுக்கு நேராக இறங்கும், குழாயும் ஒரே நேர்கோட்டில் போகும்.

இரண்டாவது தொல்லை சத்தம். தகரச் சுவரும் பலகைத் தரையும் மழைச் சத்தத்தையும் மேல்மாடிக் காலடியையும் அப்படியே கடத்தும். அதற்கு உள்ளே இன்னொரு சுவர் வைத்து, நடுவில் பஞ்சு அடைத்தால் சத்தம் குறையும். ஆனால் தகரத்தின் உட்பக்கம் இரவில் வியர்க்கும் ஈரம் பஞ்சில் ஊறும். இடையில் இரண்டு அங்குலம் காற்றிடைவெளி விட்டு, அடியில் வடிய வழி வைக்கவேண்டும். மலைக்குளிரில் தகரம் வியர்ப்பதைக் கணக்கில் எடுக்காமல் சமவெளி ஒப்பந்தக்காரர் செய்த வேலை இரண்டே வருடத்தில் நாறத் தொடங்கும்.

ஹோட்டல் வளவில் பழைய ரயில் பெட்டியொன்று உணவகமாக நிற்கிறது, இலக்கம் டிசிகே 6685. கந்தப்பளைக்கும் ஒரு காலத்தில் ரயில் வந்தது: நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியே ராகலைக்கு இரண்டரை அடி அகலப் பாதை. 1948இல் மூடினார்கள். பஸ் பாதையில் சில இடங்களில், சரிவு அதிகமில்லாமல் மலையைச் சுற்றிவரும் அகலமான வெட்டு தெரியும். ரயில் பாதைக்கென்று வெட்டியது அப்படித்தான் இருக்கும்.

ஞாயிறு, அப்புத்தளை

நுவரெலியாவிலிருந்து வெலிமடை, பண்டாரவளை வழி. மாறி மாறி பஸ் பிடித்தால் அரை நாள் போய்விடும், காலையிலேயே கிளம்புங்கள். அப்புத்தளை நகரிலிருந்து ஆதிஷம் பங்களா மூன்று கிலோமீட்டரளவு, காட்டோரப் பாதை.

சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த வீடு. வெட்டுக் கருங்கல் சுவர், பர்மாத் தேக்குக் கதவு, இங்கிலாந்து நாட்டுப்புற மாளிகைபோல் உயர்ந்த புகைபோக்கிகள். அவர் போனபின் ஒரு கம்பனி கைக்கு மாறி, 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். பயணத்தில் பார்த்த மாற்றங்களில் மிகக் குறைவாக வெட்டியது இதைத்தான். காரணம் தெளிவு. மடத்துக்கு வேண்டியவை சின்னச் சின்னப் படுக்கையறைகள், ஒரு நூலகம், சேர்ந்து உண்ண ஒரு கூடம், ஜெபிக்க ஓர் இடம். விருந்தாளிகளை வைத்துக் கொண்டாடும் பெரிய வீட்டில் இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கும். பார்வையாளருக்கு வரவேற்பறையும் நூலகமும் மட்டும். உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள், சத்தமாகப் பேசவும் வேண்டாம். போகம்பறையிலும் சின்ன அறைகள்தானே, அங்கே ஏன் முடியவில்லை என்று கேட்கலாம். இங்கே ஒவ்வோர் அறைக்கும் வெளியே பார்க்கும் யன்னல் உண்டு.

நுவரெலியா, ஹற்றன் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர்வரை அடிக்கும், கட்டடத்தின் மேற்குச் சுவர் பாசிபிடிக்கும். ஊவாப் பக்கம் பெருமழை டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கிலிருந்து. அப்புத்தளையோ இரண்டுக்கும் நடுவில் முகட்டில் உட்கார்ந்திருப்பதால் இரண்டையும் வாங்கும், மூடுபனி வேறு. கருங்கல் தண்ணீர் குடிக்காது, கல்லுக்கு நடுவிலுள்ள சாந்துதான் குடிக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் இடுக்குகளை ஒப்பிட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் எத்தனை முறை பழுதுபார்த்தார்கள் என்பது நிறத்திலேயே தெரியும்.

வாசலில் துறவிகள் செய்யும் ஜேம், பழப்பாகு விற்கிறார்கள். கூட்டமுள்ள ஞாயிறுகளில் பிற்பகலுக்குள் நல்லவை தீர்ந்துவிடும். வாங்குவதை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு சுற்றுங்கள். நாலு மணிக்குப் பின் போனால் கேட் பூட்டியிருக்கக்கூடும். ஆட்டோவை நிறுத்திவைத்துப் போவது நல்லது, திரும்பும் பாதையில் வேறு வண்டி கிடைப்பது அருமை.